கேசாதிபாதமும் உடற்றொழிலும்: ஊவாத் தோட்டங்களிற் சிறார்க்கு உடலைக் கற்பித்தல் பற்றிய ஒரு நோக்கு

மனித உடலைச் சொல்லால் வருணிப்பதற்குத் தமிழ்ச் செய்யுள் மரபு இரு வழிகளை வகுத்துக்கொண்டது. முடியிலே தொடங்கி அடியிலே முடிப்பது கேசாதிபாதம். அடியிலே தொடங்கி முடியிலே முடிப்பது பாதாதிகேசம். தெய்வமாயினும் தலைவியாயினும் வருணிக்கப்படுவோர் அசையாது நிற்க, பாடுவோரின் பார்வை உறுப்புறுப்பாக இறங்கும், அல்லது ஏறும். இம்முறை பழஞ்செய்யுளோடு ஒழிந்துபோயிற்று என்றே இலக்கிய மாணவர் பலரும் எண்ணுவர். ஆயினும் பதுளை, பசறை, லுணுகலைப் பகுதிகளில் உள்ளது போன்ற ஒரு தோட்டப் பாடசாலையின் ஆரம்ப வகுப்புச் சுவரை நோக்குவோர்க்கு அது இன்னும் உயிரோடிருப்பது புலனாகும். சுவரிலே ஒரு படம். படத்திலே நேரே நிற்கும் ஒரு சிறுவன். தலை, கண், காது, மூக்கு, கழுத்து, நெஞ்சு, வயிறு, முழங்கால், பாதம் என அம்புக்குறிகள் இறங்குகின்றன. ஆசிரியர் பிரம்பு நுனியால் ஒவ்வொன்றையும் தொட, வகுப்பு ஒரே குரலிற் பெயர்களைச் சொல்லுகிறது. பாதத்தை எட்டியதும் பாடம் முடிந்துவிடுகிறது.

பெயர் கற்பித்தல் தவறன்று. பெயரறியாது பொருளறிதல் அரிது. ஆனால் நெஞ்சு ஏன் அடித்துக்கொள்கிறது, உண்ட ரொட்டி எங்கே போகிறது, ஓடினால் ஏன் மூச்சு வாங்குகிறது என்பன கேட்கப்படுவதற்கு முன்னரே பாடவேளை கழிந்துவிடுமாயின் அங்கே கற்பிக்கப்பட்டது உடலன்று, உடலின் பெயர்ப்பட்டியலே. சிறார்க்கு உடலைப் பற்றித் தமிழில் எழுதப்படுவனவும் சொல்லப்படுவனவும் பெரும்பாலும் இக்கேசாதிபாத எல்லைக்குள் நின்றுவிடுவதும், அவ்வெல்லையைக் கடப்பதற்கு வேண்டிய மொழி ஊவாத் தோட்டப் பிள்ளைகளின் நாவிலேயே இருந்தும் அது பாடத்துக்குள் அனுமதிக்கப்படாமையும் ஒருங்கே வைத்து நோக்கத்தக்கன.

தமிழில் நவீன உடலறிவு நூல்கள் தோன்றிய வரலாறு இங்கு ஓரளவு துணைசெய்யும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவ மாணவரைப் பயிற்றியவர். கல்வின் கட்டரின் நூலொன்று அவரால் தமிழாக்கப்பட்டு ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என 1857 இல் வெளிவந்தது. உடலின் அமைப்பு அங்காதிபாதம். அதன் இயக்கம் சுகரணவாதம். அதனைப் பேணும் நெறி உற்பாலனம். பின்னர் 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1883 இல் ‘மனுஷ சுகரணம்’ என விரிந்த நூல்கள் தொடர்ந்தன. அங்காதிபாதம் என்னும் சொல் கேசாதிபாதத்தின் ஓசையைச் செவியில் எழுப்புவது கவனிக்கத்தக்கது. புதிய அறிவும் பழைய வருணனையின் ஆடையை அணிந்தே தமிழுக்குள் வந்தது.

இதனினும் முக்கியமானது வேறொன்று. கட்டரின் மூலநூல் அமெரிக்காவிலே பாடசாலை மாணவர்க்கும் குடும்பத்தினர்க்கும் என எழுதப்பெற்றது. அங்கே வீட்டிலும் வகுப்பிலும் வாசிக்கப்பெற்ற நூல் இங்கே வைத்தியராவோரின் கைந்நூலாயிற்று. இதற்குக் கிறீனைக் குறை கூறுதல் பொருந்தாது. அவர் முன்னிருந்த தேவை வைத்தியரை ஆக்குவது. அவர் செய்த பணியின் பெருமையும் சிறிதன்று. எனினும் விளைவொன்று நேர்ந்தது. உடலறிவு என்பது வைத்தியரின் உடைமை என்ற எண்ணம் வேரூன்றியது. சிறுவர்க்கென எழுத முனைந்தோர், பெரிய நூலைச் சுருக்கிச் சிறிய நூலாக்குவதே தம் வேலை எனக் கொண்டனர். வைத்திய மாணவனுக்கு நூறு பெயர். சிறுவனுக்குப் பத்துப் பெயர். வினா மாறவில்லை; தொகைதான் குறைந்தது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் பின்னர் ஆக்கிக்கொண்ட கலைச்சொற்களுள் ஒன்று மிகச் சிறந்தது: உடற்றொழிலியல். சுகரணவாதம் என்பதன் இடத்தில் அமர்ந்த இச்சொல் உடலை ஒரு தொழிலாளியாகக் காண்கிறது. இருதயத்துக்கு ஒரு தொழில், ஈரலுக்கு ஒரு தொழில், சிறுநீரகத்துக்கு ஒரு தொழில். தந்தையும் தாயும் தொழிலாளர் என அழைக்கப்படும் ஒரு சமூகத்துப் பிள்ளைக்கு இதனினும் நெருங்கிய சொல் வாய்த்தல் அரிது. ஆனால் இச்சொல் உயர்வகுப்பு நூல்களின் அட்டையிலே தங்கிவிட்டது. உள்ளே சமிபாட்டுத்தொகுதி, குருதிச்சுற்றோட்டத்தொகுதி, சுவாசத்தொகுதி, வன்கூடு எனப் பெயர்ச்சொற்களே அணிவகுக்கின்றன. அவை செம்மையான சொற்கள். அவற்றைக் கைவிடவேண்டும் என்பது இங்கு வாதமன்று. அவற்றுக்கு முன்னால் வரவேண்டிய வினைச்சொற்கள் வரவில்லை என்பதே குறை.

தோட்டத்துப் பேச்சு வழக்கோ உடலைப் பொறுத்தவரை பெரிதும் வினைகளால் ஆனது. மேட்டில் ஏறியவருக்கு மூச்சு வாங்குகிறது. அவசரமாய் விழுங்கியவருக்குப் புரையேறுகிறது. வெறும் வயிறு இரைகிறது. நெடுநேரம் குந்தியிருந்தவரின் கால் மரத்துப்போகிறது. பயந்தவருக்கு ஈரக்குலை நடுங்குகிறது. வெளுத்த முகத்தைக் கண்ட பாட்டி ‘ரத்தம் செத்துப்போச்சு’ என்கிறாள். இவை ஒவ்வொன்றும் உடற்றொழிலியற் பாடமொன்றின் தலைவாயில். புரையேறுதலை எடுத்துக்கொள்வோம். யாரோ நினைக்கிறார்கள் என்பது வழக்கிலுள்ள விளக்கம். அதனை எள்ளி நகையாடத் தேவையில்லை. உணவு செல்லும் வழியும் காற்றுச் செல்லும் வழியும் தொண்டையிலே சந்திக்கின்றன. விழுங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சுக்குழலின் வாய் மூடிக்கொள்கிறது. பேசிக்கொண்டே விழுங்கும்போது அம்மூடி பிந்திவிட்டால் உணவு வழி தவறுகிறது. இருமல் அதனை வெளியே தள்ளுகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதனை விளங்கிக்கொள்வதில் எவ்விடர்ப்பாடும் இராது. ‘சுவாசத்தொகுதியின் பகுதிகளைக் கூறுக’ என்னும் வினாவில் இவ்வியப்பு எங்கே இருக்கிறது?

பேச்சு வழக்கைப் பாடத்துக்குள் விடுதல் தமிழைத் தாழ்த்திவிடும் என அஞ்சுவோர் உளர். 1960களின் முற்பகுதியில் ஈழத்து எழுத்தாளரின் உரையாடல் நடையை ‘இழிசனர் வழக்கு’ எனப் பண்டிதர் சிலர் இகழ்ந்தபோது எழுந்த மரபுப் போராட்டம் இலக்கியத்தளவில் ஒருவாறு முடிந்துவிட்டது. வகுப்பறையில் அது முடிந்ததாகத் தெரியவில்லை. ‘மூச்சு வாங்குது’ என்ற பிள்ளையைத் திருத்திச் ‘சுவாசம்’ என எழுதச்செய்யும் ஆசிரியர் ஒரு சொல்லைக் கொடுக்கிறார்; ஆனால் அப்பிள்ளை தன் உடம்பிலிருந்து கொண்டுவந்த அனுபவத்தைப் பறித்துவிடுகிறார். முதலில் மூச்சு வாங்கட்டும். அடுத்துச் சுவாசம் வரட்டும். இவ்வொழுங்கு மாறியதனால் விளைந்த நட்டம் மொழிக்கு மட்டும் உரியதன்று.

இந்நட்டத்தை உணர்வதற்குத் தோட்டங்களில் உடலைப் பற்றிய ஒரு கதை முன்பொருகால் எவ்வாறு சொல்லப்பட்டது என்பதை நோக்கவேண்டும். ரொக்பெலர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரச் சபை 1916 இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. கொக்கிப்புழு எனவும் வழங்கும் இப்புழுவின் பயணம் ஓர் அற்புதமான உடற்றொழிற் பாடமாகும். ஈரமண்ணிலே கிடக்கும் அதன் குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுகிறது. புகுந்த இடத்தில் அரிப்பெடுக்கிறது. குருதியோடு கலந்து இருதயத்துக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் செல்கிறது. நுரையீரலிலிருந்து மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறுகிறது. அங்கே விழுங்கப்பட்டு இரைப்பை வழியாகச் சிறுகுடலை அடைந்து அதன் சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சுகிறது. அதன் முட்டைகள் மலத்தோடு மீண்டும் மண்ணை அடைகின்றன. தோல், குருதியோட்டம், சுவாசம், சமிபாடு, கழிவு என ஐந்து அத்தியாயங்களில் எழுதப்படுவதை ஒரு புழு ஒரே கதையாகச் சொல்லிவிடுகிறது. கேசாதிபாதத்தை இப்பயணம் முற்றாகக் குலைத்துவிடுவதையும் நோக்குக: பாதத்திலே தொடங்கித் தொண்டை வரை ஏறி, மீண்டும் குடலுக்கு இறங்குகிறது. சுவரிலுள்ள படத்துச் சிறுவனும் வெறுங்காலுடனேதான் நிற்கிறான். அவனுடைய காலடியில் மண் வரையப்படவில்லை.

எனினும் அக்கதை யாருடைய நன்மைக்காகச் சொல்லப்பட்டது என்ற வினாவைத் தவிர்க்கமுடியாது. குருதி குறைந்த தொழிலாளி குறைவாகவே வேலை செய்வான். ஆதலால் அவனுக்கு மருந்து கொடுத்தல் தோட்டத்துக்கு இலாபம் என்ற நியாயமே துரைமாரிடம் முன்வைக்கப்பட்டது. மருந்துக்கு இணங்கிய தோட்டங்கள் பல, மலகூடம் கட்டும் செலவுக்கு எளிதில் இணங்கவில்லை. மண் பழைய மண்ணாகவே இருந்தமையால், குணமடைந்தோரின் காலிலே புழு மறுபடியும் ஏறியது. கதையின் முற்பாதி மட்டும் சொல்லப்பட்டது என்று இதனைக் கொள்ளலாம். உடல் இவ்வாறு நோயுறுகிறது என்பது சொல்லப்பட்டது. அதனைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது என்பது சொல்லப்படவில்லை. தோட்டத்து வழக்கிலே ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். முழு நாள் உழைத்தால் ஒரு பேர். பாதி நாளாயின் அரைப்பேர். மனிதனைக் குறிக்கும் சொல்லே அவன் உழைப்பின் அளவையாகிவிட்ட இடத்தில் உடற்றொழில் என்பதற்கு வேறொரு பொருள் ஏறிவிடுகிறது. உடல் செய்யும் தொழில் வேறு. உடலைக்கொண்டு பிறர் செய்விக்கும் தொழில் வேறு. சிறார்க்கான நல்ல பாடம் இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றலுக்கு வித்திடுவதாக இருக்கவேண்டும்.

மலையக இலக்கியம் இப்பணியை ஓரளவு செய்தது. தொழிலாளியின் உடல் தேயிலைச் செடிக்கு உரமாகும் படிமம் மலையகக் கவிதையிலே திரும்பத் திரும்ப வருவது. அதன் உண்மையை மறுப்பாரில்லை. ஆயினும் அது முடிந்துபோன உடலின் படிமம். ஊவாவிலே ஹாலிஎலைக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்து, தோட்டத்து ஆசிரியராகவும் இருந்து, 2022 இல் மறைந்த தெளிவத்தை ஜோசப் வேறொரு வாயிலைத் திறந்தார். அவருடைய ‘மீன்கள்’ என்னும் சிறுகதை, ஒற்றை லயக்காம்பராவிற்குள் குடும்பம் முழுவதும் நெருங்கிப் படுத்துறங்க நேர்வதன் அவலத்தைப் பேசுவது. அங்கே உடல் உரமுமன்று, படமுமன்று. இடம் வேண்டி நிற்கும் ஒன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் வளரும் பிள்ளை பிறப்பையும் நோயையும் மூப்பையும் மிக அருகிலே கண்டுதான் பள்ளிக்கு வருகிறது. அப்பிள்ளை உடலைப் பற்றி ஒன்றும் அறியாதது என்ற அனுமானத்தோடு தொடங்கும் பாடம், அறிந்ததை மறைக்கவே அதற்குக் கற்றுக்கொடுக்கிறது.

பாடத்தை வேறுவகையில் அமைப்பதற்குத் தமிழ் மரபிலேயே முன்மாதிரிகள் உண்டு. பிள்ளைத்தமிழின் பருவங்களைப் பக்திச் செய்யுளாக மட்டும் கற்பது வழக்கமாகிவிட்டது. ஐந்தாம் மாதத்துச் செங்கீரை, குழந்தை கையூன்றித் தலையெடுத்து ஆடும் நிலை. ஒன்பதாம் மாதத்துச் சப்பாணி, அது இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் நிலை. வருகைப் பருவம், தளர்நடையிட்டு வரும் நிலை. கழுத்துத் தசை உரம்பெறுதல், கண்ணும் கையும் ஒத்தியங்குதல், உடலெடையைக் கால்கள் தாங்குதல் என்னும் வளர்ச்சி முறையை இப்பருவங்கள் எவ்வளவு நுட்பமாகக் கண்டுகொண்டன என்பது வியப்புக்குரியது. கேசாதிபாதம் உடலை நிறுத்திவைத்துப் பார்த்தது. பிள்ளைத்தமிழ் அதனை வளரவும் அசையவும் விட்டுப் பார்த்தது. தாய்மார் மலைக்குச் சென்றபின் குழந்தைகளை வைத்திருக்கும் பிள்ளைக்காம்பராவிலே (இப்பொழுது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்) ஆயா ஒருத்தி நாள்தோறும் காண்பதும் இப்பருவங்களையே. அவள் அதனைப் பாடமென அறியாள்; அவளிடம் எவரும் கேட்டதுமில்லை.

தொல்காப்பிய மரபியல் இன்னொரு துணை. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கும் அந்நூல், புலன்களை உறுதல், சுவைத்தல், மோத்தல், காணுதல், கேட்டல் என அடுக்கி மனத்தை இறுதியில் வைக்கிறது. சுவர்ப்படமோ தலையிலே தொடங்கிக் கண்ணை முதலில் எண்ணுகிறது. பிறந்த குழந்தை உலகைத் தோலினாலும் நாவினாலும் அறியத் தொடங்குவதை நோக்கத் தொல்காப்பியரின் அடுக்கே ஆசிரியர்க்கு உகந்த அடுக்காகத் தோன்றும். தொட்டு அறியக்கூடியதிலிருந்து தொடங்குக என்பதே அதிலிருந்து பெறப்படும் நெறி.

தொட்டு அறிவதற்கோ ஊவாவின் சரிவுகளிலே குறைவில்லை. தமோதரையிலோ நமுனுகுலையிலோ பள்ளிக்கு மேடேறி வந்த பிள்ளை தன் மணிக்கட்டில் விரலை வைத்து நாடியை எண்ணலாம். சற்று ஓய்ந்திருந்து மீண்டும் எண்ணலாம். இரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே இருதயம் பற்றிய முதற்பாடம். காலை உணவான ரொட்டியை நெடுநேரம் மென்றால் நாவிலே மெல்ல இனிப்புத் தட்டும். உமிழ்நீர் மாவைச் சீனியாக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மழைநாளில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் எளிதில் நிற்பதில்லை என்பதைத் தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லவேண்டியதில்லை. முள் குத்திய இடத்தில் ஏன் விரைவில் நின்றுவிடுகிறது என்று கேட்டால் போதும். குருதி தானே உறையும் இயல்புடையது, அட்டையின் உமிழ்நீர் அவ்வுறைதலைத் தடுக்கிறது என்னும் விடை கொழும்புப் பிள்ளையினும் பசறைப் பிள்ளைக்கு எளிதில் விளங்கும். 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்தின் வழியே இத்தகைய கற்பித்தலுக்கு இடம் கொடுத்தது. இடம் கொடுக்கப்பட்டதென்பதும் அது நிரப்பப்பட்டதென்பதும் ஒன்றல்ல. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியபோது எழுந்தவை பெரும்பாலும் ஓர் ஆசிரியரும் ஓர் அறையும் கொண்ட பள்ளிகள். 1977 முதல் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. பல வகுப்புகளை ஒரே ஆசிரியர் மேய்த்த காலத்தில் பிரம்பும் பட்டியலும் கைகொடுத்தன. பழக்கம் ஆளைவிட நீண்ட ஆயுள் உடையது.

இவற்றுள் எதனையும் கற்பித்தல் நயம் பற்றிய விவாதமாக மட்டும் ஒதுக்கிவிட முடியாது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் 17 சதவீதமளவினர். தோட்டத்துறையிலோ ஏறத்தாழ 32 சதவீதத்தினர். மூன்றிலொரு பிள்ளையின் உடல் தன் தொழிலைச் செய்வதற்கு வேண்டியதைப் பெறவில்லை என்பதே இதன் பொருள். வறுமையும் கூலியும் இதன் முதற் காரணங்கள். பாடநூல் அவற்றை மாற்றாது. ஆயினும் ரொட்டியோடு சேர்த்துக் குடிக்கும் சாயத்தண்ணி, அவ்வுணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கிறது. ஒரு மணிநேரம் கழித்துக் குடித்தால் அக்கேடு குறையும். செலவில்லாத இவ்வறிவு, ‘ரத்தம் செத்துப்போச்சு’ என்னும் பாட்டியின் வாக்கியத்திலிருந்து மூன்று அடி தூரத்திலேயே இருக்கிறது. தேயிலையைக் கிள்ளித் தரும் கைகளுக்குரியோரே இதனை அறியாதிருத்தல் கொடிது. அதனைப் பிள்ளை அறிந்து வீட்டுக்குக் கொண்டுசெல்லுமாயின் பாடம் லயத்துக்குள்ளும் நுழையும்.

அதற்கு முதலில் வேண்டியது ஒரு சொற்றொகுதி. கலைச்சொல் தொகுதிகள் ஆங்கிலச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தன. இதுவோ தோட்டத்து வினைச்சொல்லிலிருந்து தொடங்கவேண்டும். அப்புத்தளையிலிருந்து மடுல்சீமை வரையுள்ள தோட்டங்களிலே பசி, மூச்சு, இரத்தம், வலி, உறக்கம் பற்றி மக்கள் வழங்கும் தொடர்களைத் திரட்டி, ஒவ்வொன்றின் எதிரிலும் அது சுட்டும் உடற்றொழிலை எளிய தமிழில் எழுதுதல் பல்கலைக்கழக மாணவர் சிலர் ஒரு விடுமுறைக் காலத்திலே தொடங்கக்கூடிய வேலை. நாட்டார் பாடல்களைத் திரட்டியோர் தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டனர். இடுப்பு வலியை எவ்வாறு சொல்கிறீர்கள் என்று கேட்டவர் அரியர். அத்தொடர்களை அறிந்த மூதாட்டியர் இன்னும் லயத்து வாசல்களில் இருக்கின்றனர்.